முதல் நாளே டெஸ்க்டாப் தயார்: அஸூர் விர்ச்சுவல் டெஸ்க்டாப் ஒதுக்கீட்டை ஒர்க்ஃப்ளோவிடம் ஒப்படைப்பது எப்படி?

திங்கட்கிழமை ஆறு பேர் புதிதாகச் சேருகிறார்கள் என்று வெள்ளிக்கிழமை மாலை ஐந்தரை மணிக்கு மெயில் வரும். ஐடி பிரிவில் வேலை பார்த்தவர்களுக்கு இது பழகிய கதை. ஆறு பேருக்கும் விர்ச்சுவல் டெஸ்க்டாப், அதாவது கிளவுடில் ஓடும் கணினி, வேண்டும். மைக்ரோசாஃப்டின் கிளவுட் சேவையான அஸூரின் போர்ட்டலைத் திறந்து விஎம் (விர்ச்சுவல் மெஷின்) உருவாக்கி, அது ஹோஸ்ட் பூல் என்ற இயந்திரத் தொகுப்பில் சேர்ந்ததா என்று காத்திருந்து பார்த்து, ஆளைக் குழுவில் சேர்த்து, இயந்திரத்தை அவர் பெயருக்கு ஒதுக்கி, பிறகு அவருக்குத் தகவல் சொல்ல வேண்டும். நான்காவது ஆளுக்கு வரும்போது கண் சோர்ந்துவிடும். ஐந்தாவது ஆளுக்கான இயந்திரம் ஆறாவது ஆளின் பெயருக்குப் போவது அப்போதுதான்.

இந்த வேலையை ஒர்க்ஃப்ளோ, அதாவது படிகளைத் தானே வரிசையாகச் செய்யும் அமைப்பு, வைத்துத் தானாக நடக்க வைப்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அஸூர் விர்ச்சுவல் டெஸ்க்டாப்பையும், அதில் ஆளுக்கொரு இயந்திரம் கொடுக்கும் 'பர்சனல்' முறையையும் எடுத்துக்கொள்கிறேன். ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன்: இயந்திரத்தை உருவாக்குவது இதில் எளிய பகுதி. எந்த இயந்திரம் யாரிடம் இருக்கிறது என்ற கணக்கு எப்போதும் உண்மையாக இருக்க வேண்டும், கடினமானது அதுதான். கீழே வரும் ஒவ்வொரு படியும் அந்தக் கணக்கைக் காப்பாற்றத்தான்.

பெயர்கள் குழப்பாமல் இருக்க

இந்தச் சேவை 2019 செப்டம்பரில் 'விண்டோஸ் விர்ச்சுவல் டெஸ்க்டாப்' என்ற பெயரில் வந்தது. 2021 ஜூனில் பெயர் மாறியது. ஆனால் மைக்ரோசாஃப்டின் ஸ்கிரிப்ட் மொழியான பவர்ஷெல்லின் கட்டளைகளில் 'டபிள்யூவிடி' என்ற பழைய சுருக்கம் அப்படியே இருக்கிறது, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கட்டளைகளில் 'ஆர்டிஎஸ்' என்று இருந்தால்தான் உஷாராக வேண்டும். அவை 'கிளாசிக்' என்னும் முதல் பதிப்புக்கு எழுதியவை. இணையத்தில் கிடைக்கும் பழைய ஸ்கிரிப்டை நகலெடுத்துவிட்டு ஏன் ஓடவில்லை என்று திணறுகிறவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

நான்கு சொற்கள் தெரிந்தால் போதும். இயந்திரங்களின் தொகுப்பு ஹோஸ்ட் பூல். அதிலுள்ள ஒவ்வொரு விஎம்மும் செஷன் ஹோஸ்ட். யார் உள்ளே வரலாம் என்று தீர்மானிப்பது அப்ளிகேஷன் குரூப். பயனரின் திரையில் ஐகானைக் கொண்டுவந்து காட்டுவது வொர்க்ஸ்பேஸ்.

ஹோஸ்ட் பூலில் இரண்டு வகை. 'பூல்டு' என்பது ரயிலில் அன்ரிசர்வ்டு பெட்டி மாதிரி, எந்த இடம் காலியோ அங்கே உட்காரலாம். 'பர்சனல்' என்பது முன்பதிவு செய்த பெர்த், சார்ட்டில் உங்கள் பெயர் இருக்கும். நாம் எழுதப்போகும் ஒர்க்ஃப்ளோ அந்தச் சார்ட்டைத் தயாரிக்கிற வேலையைச் செய்கிறது.

பர்சனல் பூலை உருவாக்கும்போது ஒதுக்கீடு 'ஆட்டோமேட்டிக்' ஆக இருக்க வேண்டுமா, 'டைரக்ட்' ஆக இருக்க வேண்டுமா என்று கேட்கும். பெயரைப் பார்த்தால் ஆட்டோமேட்டிக்தானே நமக்கு வேண்டும் என்று தோன்றும். வேண்டாம். அந்த முறையில், முதல்முறை லாகின் செய்கிறவருக்கு ஒதுக்கப்படாத ஏதோ ஒரு இயந்திரம் போய்விடும். நான் முதன்முதலில் அமைத்த பூலில் அப்படித்தான் விட்டிருந்தேன். டிசைன் பிரிவுக்கென்று கிராபிக்ஸ் வசதியோடு உருவாக்கிய இயந்திரம் கணக்குப் பிரிவு அம்மா ஒருவருக்குப் போய்ச் சேர்ந்தது. அவர் தவறு ஒன்றுமில்லை, காலையில் சீக்கிரம் வந்தார், அவ்வளவுதான். ஒர்க்ஃப்ளோ வைத்து நடத்துகிறவர்கள் டைரக்ட் முறையையே தேர்ந்தெடுங்கள்.

முதலில் கையால் ஒரு முறை

தானியங்கி வேலையைத் தொடங்கும் முன் ஒரே ஒரு சோதனைப் பயனருக்கு முழு வேலையையும் போர்ட்டலில் கையால் செய்யுங்கள். செய்த ஒவ்வொன்றையும் காகிதத்தில் எழுதுங்கள். எந்த இடத்தில் காத்திருந்தீர்கள், எந்த இடத்தில் திரும்பப் போய்ப் பார்த்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். காத்திருந்த இடங்களில்தான் பின்னால் ஸ்கிரிப்ட் உடையும்.

இந்தச் சோதனையிலேயே அனுமதிகளையும் முடித்துவிடலாம். பயனருக்கு இரண்டு அனுமதி தேவை. அப்ளிகேஷன் குரூப்பின் மேல் 'டெஸ்க்டாப் விர்ச்சுவலைசேஷன் யூசர்' என்ற ரோல். இயந்திரங்கள் என்ட்ராவில் (மைக்ரோசாஃப்டின் பயனர், சாதன அடையாளச் சேவை) மட்டும் இணைந்தவை என்றால், விஎம்கள் இருக்கும் ரிசோர்ஸ் குரூப்பின் (அஸூரில் சேர்ந்து நிர்வகிக்கும் பொருள்களின் தொகுப்பு) மேல் 'விர்ச்சுவல் மெஷின் யூசர் லாகின்' என்ற ரோல். இரண்டாவதை மறப்பவர்கள் அதிகம். மறந்தால் பயனருக்கு ஐகான் தெரியும், அழுத்துவார், கடவுச்சொல் சரியாக இருந்தும் உள்ளே விடாது.

இந்த ரோல்களை ஆள் ஆளாகக் கொடுக்காதீர்கள். என்ட்ராவில் ஒரு குழு உருவாக்கி, இரண்டு ரோல்களையும் அந்தக் குழுவுக்கு ஒரே முறை கொடுத்துவிடுங்கள். ஒரு சப்ஸ்கிரிப்ஷனில் (அஸூரில் பில்லும் வரம்புகளும் கணக்கிடப்படும் அலகு) 4,000 ரோல் ஒதுக்கீடுகளுக்கு மேல் வைக்க முடியாது என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், யாருக்கு அனுமதி இருக்கிறது என்பதை ஒரே பட்டியலில் பார்த்துவிடலாம். இனி ஒர்க்ஃப்ளோ செய்ய வேண்டியது, அந்தக் குழுவில் ஆளைச் சேர்ப்பதும் எடுப்பதும் மட்டுமே.

'டைனமிக்' குழு வைத்தால் துறையின் பெயரைப் பார்த்துத் தானே சேர்த்துக்கொள்ளுமே என்று கேட்கலாம். சேர்க்கும், ஆனால் எப்போது சேர்க்கும் என்பது உங்கள் கையில் இல்லை. அடுத்த படி அதை நம்பி நிற்கும்போது இது தொல்லை. நேரடியாகச் சேர்க்கும் சாதாரணக் குழுவே இங்கே பொருத்தம்.

கோரிக்கை எங்கே வந்து விழ வேண்டும்?

மெயிலில் வரக் கூடாது. நான் ஷேர்பாயின்ட் லிஸ்ட் ஒன்றைப் பயன்படுத்துகிறேன். மனிதவளப் பிரிவினர் அதில் ஒரு வரி சேர்ப்பார்கள்: ஆளின் லாகின் பெயர், துறை, சேரும் தேதி, இயந்திர அளவு. அளவை அவர்களே தட்டச்சு செய்ய விடாதீர்கள், 'சாதாரண', 'கனமான' என்று இரண்டு தேர்வு கொடுங்கள். சாதாரணம் என்றால் 2 விசிபியு (விர்ச்சுவல் பிராசஸர்), 8 ஜிபி கொண்ட டி2எஸ் வி5. கனமானது என்றால் 4 விசிபியு, 16 ஜிபி கொண்ட டி4எஸ் வி5.

அதே லிஸ்டில் நமக்காக மூன்று பத்திகள்: நிலை, இயந்திரத்தின் பெயர், கடைசிப் பிழை. ஒர்க்ஃப்ளோ ஒவ்வொரு படி முடிந்ததும் நிலையை மாற்றி எழுத வேண்டும். கோரிக்கை வந்தது, ஒப்புதல் ஆனது, உருவாகிறது, பூலில் பதிவானது, ஒதுக்கப்பட்டது, தயார். வெறும் படிவம் வைத்தால் இப்படித் திரும்ப எழுத முடியாது, அதனால்தான் லிஸ்ட். "என் ஆளுக்கு என்ன ஆச்சு?" என்று மேலாளர் போன் செய்யும்போது நீங்கள் எதையும் தோண்ட வேண்டாம், அவரே பார்த்துக்கொள்ளலாம்.

லிஸ்டில் புதிய வரி வந்ததும், பெட்டிகளை அடுக்கி ஒர்க்ஃப்ளோ அமைக்கும் அஸூர் சேவையான லாஜிக் ஆப்ஸ் ஓடத் தொடங்கும். மேலாளருக்கு ஒப்புதல் கேட்டு மெயில் போகும். அவர் சம்மதித்தால், ஸ்கிரிப்ட்களை ஓட்டும் சேவையான அஸூர் ஆட்டோமேஷனில் உள்ள ரன்புக்கை (அங்கே சேமித்த ஸ்கிரிப்ட்) அழைக்கும். ஒப்புதலும் தகவல் சொல்வதும் லாஜிக் ஆப்ஸின் வேலை, கனமான வேலை எல்லாம் ரன்புக்கில் உள்ள பவர்ஷெல்லின் வேலை. இரண்டையும் லாஜிக் ஆப்ஸிலேயே திணித்தால் பெட்டிகள் பெருகி, ஆறு மாதம் கழித்துப் பார்க்கும்போது எழுதியவருக்கே புரியாது.

ரன்புக்குக்குச் சாவி

ஆட்டோமேஷன் அக்கவுன்ட்டில் 'மேனேஜ்டு ஐடென்டிட்டி'யை (அஸூரே பராமரிக்கும் அடையாளம்) இயக்குங்கள். இதனால் ஸ்கிரிப்டில் கடவுச்சொல் எதுவும் எழுத வேண்டியதில்லை. அந்த ஐடென்டிட்டிக்கு விஎம் உருவாக்கும் உரிமையையும் ஹோஸ்ட் பூலை மாற்றும் உரிமையையும் சம்பந்தப்பட்ட ரிசோர்ஸ் குரூப்களில் மட்டும் கொடுங்கள். முழு சப்ஸ்கிரிப்ஷனுக்கும் 'கான்ட்ரிபியூட்டர்' கொடுத்துவிட்டால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் ஸ்கிரிப்டில் ஒரு வரி பிசகினால் சேதம் எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாது.

குழுவில் ஆள் சேர்க்கும் உரிமை தனி. அது, என்ட்ரா தகவல்களை ஸ்கிரிப்ட் அணுகும் வழியான மைக்ரோசாஃப்ட் கிராஃபில் உள்ள அனுமதி. மேனேஜ்டு ஐடென்டிட்டிக்கு அதைப் போர்ட்டல் வழியாகக் கொடுக்க வழியில்லை, பவர்ஷெல் போன்ற கட்டளை வழியில்தான் கொடுக்க வேண்டும். போர்ட்டலில் தேடித்தேடி அரை நாள் வீணாக்காதீர்கள்.

ரன்புக் செய்ய வேண்டியவை, அதே வரிசையில்

முதல் வரியிலேயே, பிழை வந்தால் நின்றுவிட வேண்டும் என்று பவர்ஷெல்லுக்குச் சொல்லுங்கள். 'எரர் ஆக்ஷன் பிரிஃபரன்ஸ்' என்ற மாறிக்கு 'ஸ்டாப்' என்று மதிப்புக் கொடுத்தால் போதும். இல்லாவிட்டால் சில பிழைகளைச் சிவப்பு எழுத்தில் காட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். இயந்திரமே உருவாகாதபோதும் "உங்கள் டெஸ்க்டாப் தயார்" என்று மெயில் போவது இப்படித்தான்.

அடுத்து ஆளைச் சரிபாருங்கள். லிஸ்டில் உள்ள பெயரை என்ட்ராவில் தேடி, அங்கே பதிவாகியிருக்கும் லாகின் பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். மெயில் முகவரியும் லாகின் பெயரும் ஒன்றாகவே இருக்கும் என்று நம்ப வேண்டாம். திருமணத்துக்குப் பிறகு பெயர் மாற்றியவர்கள், நிறுவனம் டொமைனை மாற்றியபோது இருந்தவர்கள் எல்லோருக்கும் இரண்டும் வேறாக இருக்கும்.

பிறகு, இவருக்கு ஏற்கெனவே இயந்திரம் இருக்கிறதா என்று ஹோஸ்ட் பூலில் பாருங்கள். இந்தச் சோதனையைத் தேவையற்றது என்று நினைத்துவிடாதீர்கள். அழைப்புக்கு நேரத்தில் பதில் வரவில்லை என்றால் லாஜிக் ஆப்ஸ் தானாகவே மறுபடி முயலும், வழக்கமான அமைப்பில் நான்கு முறை வரை. முதல் அழைப்பு உண்மையில் வெற்றி பெற்றிருந்தால், ஒரே ஆளுக்கு இரண்டு இயந்திரம் உருவாகும். ஒன்றைப் பயன்படுத்துவார், இன்னொன்று யாருக்கும் தெரியாமல் மாதா மாதம் பில்லில் ஏறும். எனவே ரன்புக்கை எத்தனை முறை ஓட்டினாலும் ஆளுக்கு ஒரு இயந்திரம்தான் இருக்க வேண்டும்.

கோட்டாவையும் பாருங்கள். ஒவ்வொரு ரீஜியனிலும் ஒவ்வொரு விஎம் குடும்பத்துக்கும் இத்தனை விசிபியு என்று வரம்பு உண்டு. கனமான இயந்திரம் பன்னிரண்டு என்றால் 48 விசிபியு. அது இல்லாவிட்டால் முன்னாலேயே நின்று, 'கடைசிப் பிழை'யில் எழுதிவிட்டு விலக வேண்டும்.

இயந்திரத்துக்குப் பெயர் வைப்பதில் ஒரு வரம்பு: விண்டோஸ் கணினிப் பெயர் 15 எழுத்துகளைத் தாண்டக் கூடாது. துறைக்கு மூன்றெழுத்துச் சுருக்கம், ஒரு கோடு, நான்கு இலக்க எண். அவ்வளவு போதும். ஆளின் பெயரை அதில் வைக்காதீர்கள். பயன்படுத்திய எண்ணைத் திரும்பவும் பயன்படுத்தாதீர்கள். பழைய இயந்திரத்தின் பதிவு என்ட்ராவில் நீங்காமல் இருந்தால், அதே பெயரில் வரும் புதிய இயந்திரம் என்ட்ராவில் இணையாது.

இப்போது பதிவு டோக்கன். புதிய இயந்திரம் ஹோஸ்ட் பூலில் சேர இந்த டோக்கன் தேவை. இதன் ஆயுளைக் குறைந்தது 1 மணி நேரம், அதிகபட்சம் 27 நாள் என்று வைக்கலாம். 27 நாளுக்கு ஒன்றை எடுத்து எங்காவது சேமித்துவைப்பது பலர் செய்யும் காரியம். 28-ஆம் நாள் உருவாகும் இயந்திரங்கள் நன்றாகவே ஓடும், ஆனால் பூலில் சேராது. நீண்ட விடுமுறைக்குப் பிறகு வந்த ஒரு காலையில் எனக்கு அப்படி ஏழு அனாதை இயந்திரங்கள் கிடைத்தன. ஒவ்வொரு ஓட்டத்திலும் இரண்டு மணி நேர ஆயுளோடு புதிய டோக்கன் எடுத்துப் பயன்படுத்துங்கள். அது ரகசியம், ரன்புக்கின் வெளியீட்டில் அச்சாகிவிடக் கூடாது.

விஎம்மை உருவாக்கப் பைசெப் (அஸூரில் என்ன உருவாக வேண்டும் என்று எழுதும் மொழி) டெம்ப்ளேட் வையுங்கள். இமேஜ், அதாவது விண்டோஸ் நிறுவிய அச்சு நகல், அஸூரின் இமேஜ் கிடங்கான கம்ப்யூட் கேலரியிலிருந்து வர வேண்டும், அலுவலக மென்பொருள்கள் அதிலேயே இருக்கட்டும். விர்ச்சுவல் டெஸ்க்டாப் ஏஜென்ட்டை (இயந்திரத்தைப் பூலோடு இணைக்கும் மென்பொருள்) மட்டும் இமேஜில் போடாதீர்கள். இமேஜில் ஏஜென்ட் இருந்தால் அதிலிருந்து பிறக்கும் இயந்திரங்களின் பதிவு சிக்கலாகும். விஎம் பிறந்த பிறகு எக்ஸ்டென்ஷன் வழியாக ஏஜென்ட்டை நிறுவுவதுதான் முறை. டிஸ்க்குக்கும் நெட்வொர்க் கார்டுக்கும், விஎம்மை அழிக்கும்போது கூடவே அழியட்டும் என்ற அமைப்பை டெம்ப்ளேட்டிலேயே வைத்துவிடுங்கள்.

டெம்ப்ளேட் வெற்றி என்று சொன்னதும் வேலை முடிந்துவிட்டதாக எண்ணக் கூடாது. விஎம் பிறந்தது என்பதுதான் அதற்கு அர்த்தம். செஷன் ஹோஸ்ட்டின் நிலை 'அவெய்லபிள்' என்று மாறும்வரை முப்பது நொடிக்கொரு முறை கேளுங்கள். இருபது நிமிடம் ஆகியும் மாறவில்லை என்றால் பிழை என்று எழுதி நிறுத்துங்கள். முடிவில்லாமல் கேட்டுக்கொண்டே இருக்க வைத்தால், அஸூர் ஆட்டோமேஷன் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும் வேலையை இறக்கிவிடும்.

அப்புறம் ஒதுக்கீடு. முதலில் ஆளைக் குழுவில் சேர்த்துவிட்டு, பிறகு செஷன் ஹோஸ்ட்டைப் புதுப்பிக்கும் கட்டளையில் 'அசைன்டு யூசர்' என்ற இடத்தில் அவருடைய லாகின் பெயரைக் கொடுக்க வேண்டும். கொடுத்ததும் அந்தச் செஷன் ஹோஸ்ட்டைத் திரும்ப வாசித்து, அதே பெயர்தான் பதிவாகியிருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். பெயர் பொருந்திய பிறகுதான் லிஸ்டில் 'தயார்'. அதற்குப் பிறகுதான் பயனருக்கு மெயில். மெயிலில் கடவுச்சொல் வேண்டாம். 'விண்டோஸ் ஆப்'பிலோ பிரவுசரிலோ எப்படி நுழைவது என்று நான்கு வரி போதும்.

மின்சாரம் அணைந்ததா, பில் நின்றதா?

பயனர் விண்டோஸுக்குள்ளிருந்து 'ஷட் டவுன்' கொடுத்தால் இயந்திரம் நிற்கும், ஆனால் அதற்கான கட்டணம் நிற்காது. விஎம் 'டீஅலொகேட்' ஆனால்தான், அதாவது அதற்கு ஒதுக்கிய பிராசஸரையும் மெமரியையும் அஸூர் விடுவித்தால்தான், இயந்திரம் ஓடுவதற்கான கட்டணம் நிற்கும். டிஸ்க்குக்கான கட்டணம் அப்போதும் தொடரும். எனவே மாலையில் டீஅலொகேட் செய்ய ஸ்கேலிங் பிளான் (இயந்திரங்களை நேரப்படி இயக்கி அணைக்கும் அட்டவணை) வையுங்கள். காலையில் பயனர் ஐகானை அழுத்தியதும் எழுந்துகொள்ள ஹோஸ்ட் பூலில் 'ஸ்டார்ட் விஎம் ஆன் கனெக்ட்' அமைப்பை இயக்குங்கள். அந்த அமைப்பு வேலை செய்ய, அஸூர் விர்ச்சுவல் டெஸ்க்டாப் சேவைக்கே விஎம்களை இயக்கும் ரோலைக் கொடுத்திருக்க வேண்டும்.

ஆள் போகும்போது

புதியவர்கள் எழுதும் ஒர்க்ஃப்ளோக்களில் இந்தப் பகுதி பெரும்பாலும் இருக்காது. நானும் எழுதாமல் விட்டேன். விலகிய ஒருவரின் இயந்திரத்தில் ஒதுக்கீட்டை மட்டும் நீக்கி, புதிதாக வந்த பெண்ணுக்கு அதைக் கொடுத்தேன். இயந்திரம் நல்ல நிலையில் இருக்கிறதே, ஏன் வீணாக்க வேண்டும் என்ற எண்ணம்தான். சி டிரைவில் பழைய ஆளின் புரொஃபைல் ஃபோல்டர் அப்படியே இருந்தது. அதற்கு வெளியே, பொதுவான இடத்தில் அவர் சேமித்திருந்த சம்பளச் சீட்டுகளும் மருத்துவ பில்களும் புதியவரின் கண்ணில் பட்டன. அவர் நல்லவர், உடனே வந்து சொன்னார். அன்றிலிருந்து நான் மாற்றாமல் வைத்திருக்கும் விதி: ஒருவர் பயன்படுத்திய பர்சனல் இயந்திரம் இன்னொருவருக்குப் போகாது. அதை அழித்துவிட்டு, அடுத்தவருக்குப் புதிதாக உருவாக்க வேண்டும். தானியங்கி முறை இருக்கும்போது இதற்கு மனித உழைப்பு எதுவும் ஆகாது.

விலகல் ஒர்க்ஃப்ளோவின் வரிசை இது. லிஸ்டில் விலகும் தேதி வந்ததும் குழுவிலிருந்து ஆளை எடுக்கவும். குழுவிலிருந்து எடுத்ததால் ஓடிக்கொண்டிருக்கும் செஷன் அறுந்துவிடாது, அதைத் தனியாக லாக்ஆஃப் செய்ய வேண்டும். புதிய செஷன் வராதபடி 'டிரெய்ன்' (drain) நிலையில் வைத்து, விஎம்மை டீஅலொகேட் செய்து, அழிக்க வேண்டிய தேதியை டேக் ஆக ஒட்டவும். நான் 30 நாள் வைக்கிறேன், உங்கள் நிறுவனத்தின் சட்டப் பிரிவைக் கேட்டு எண்ணை முடிவு செய்யுங்கள். அந்த நாள் வந்ததும் செஷன் ஹோஸ்ட் பதிவு, விஎம், என்ட்ராவில் உள்ள சாதனப் பதிவு, இன்ட்யூனில் (மைக்ரோசாஃப்டின் சாதன நிர்வாகச் சேவை) உள்ள பதிவு என நான்கையும் நீக்க வேண்டும். விஎம்மை மட்டும் அழித்தால் மற்ற மூன்றும் பேயாக நிற்கும்.

உடைத்துப் பார்த்துவிட்டுத் திறந்துவிடுங்கள்

எல்லாம் ஓடுகிறது என்றதும் முழு நிறுவனத்துக்கும் திறக்காதீர்கள். வேண்டுமென்றே தவறான லாகின் பெயரைக் கொடுங்கள். ஒரே கோரிக்கையை இரண்டு முறை அனுப்புங்கள். பாதி வழியில் விஎம்மைக் கையால் அழித்துப் பாருங்கள். மூன்றிலும் லிஸ்டில் புரியும்படி ஒரு பிழை வரி வந்தால் சரி. வராமல் மௌனமாக இருந்தால் அதைச் சரிசெய்த பிறகு ஒரே ஒரு துறைக்குக் கொடுங்கள், ஒரு மாதம் பாருங்கள்.

இருபது முப்பது பேர் மட்டுமே உள்ள அலுவலகம் என்றால், இவ்வளவும் தேவையா என்று ஒரு முறை யோசியுங்கள். விண்டோஸ் 365-இல் உரிமத்தை ஒதுக்கினால் கிளவுட் பிசி தானே உருவாகும், ஆளுக்கு மாதம் இவ்வளவு என்று நிலையான கட்டணம். அதன் பிசினஸ் பதிப்பு 300 பேர் வரைக்கும். நெட்வொர்க்கும் இமேஜும் உங்கள் கட்டுப்பாட்டில் இருந்தே ஆக வேண்டும், இயந்திரங்கள் பெரும்பாலும் அணைந்திருக்கும் என்கிறவர்களுக்குத்தான் மேலே சொன்ன வழி லாபம்.

கடைசியாக ஒரு சின்ன ரன்புக். ஞாயிற்றுக்கிழமை இரவு ஓடும்படி வையுங்கள். ஷேர்பாயின்ட் லிஸ்டில் 'தயார்' என்று உள்ளவர்கள், என்ட்ரா குழுவில் உள்ளவர்கள், ஹோஸ்ட் பூலில் இயந்திரம் ஒதுக்கப்பட்டவர்கள் என மூன்று பட்டியல்களையும் எடுத்து ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும். அது எதையும் திருத்த வேண்டாம், வேறுபாடுகளை மட்டும் உங்களுக்கு மெயில் அனுப்பட்டும். குழுவில் இருக்கிறார், இயந்திரம் இல்லை என்றால் ஏதோ ஒரு ஓட்டம் பாதியில் நின்றிருக்கிறது. இயந்திரம் இருக்கிறது, லிஸ்டில் ஆளே இல்லை என்றால் யாரோ போர்ட்டலில் கையால் உருவாக்கியிருக்கிறார்கள். அவரைத் தேடிப்போய், எதற்காக அப்படிச் செய்ய வேண்டியிருந்தது என்று கேளுங்கள். உங்கள் லிஸ்டில் இல்லாத ஏதோ ஒரு தேவை அங்கே இருக்கும், அடுத்து லிஸ்டில் சேர்க்க வேண்டிய பத்தி அதுதான்.